ஊர் நினைப்பு ஒரு வியாதியா?

நமது சங்கத்தின் எந்தக் கூட்டமானாலும், காபி வந்ததும் பேச்சு ஊர்ப் பக்கம் திரும்பிவிடுகிறது. இளைஞர்கள் மெல்ல நழுவிவிடுகிறார்கள். இந்த ஊர் நினைப்பை வைத்திய சாஸ்திரம் ஒரு காலத்தில் வியாதி என்றே கருதியது என்பது அங்கத்தினர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது.

‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உண்டாக்கியவர் 19 வயது வைத்திய மாணவர் ஒருவர். 1688-ல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் தமது ஆய்வேட்டில், ‘வீடு திரும்புதல்’, ‘வலி’ எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதை அமைத்தார். அவர் விவரிக்கும் நோயாளிகளில் ஒருவர், பெர்னிலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த மாணவர். பிழைக்கமாட்டார் என்ற நிலையில் ஊருக்கு அனுப்பினார்கள். பாஸலைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் மூச்சு சீரானது; பெர்ன் போய்ச் சேருமுன் குணமாகிவிட்டார்! இன்னொருத்தி, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட குடியானவப் பெண். மருந்தும் வேண்டாம், ஆகாரமும் வேண்டாம். வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஒரே பேச்சு. வீட்டுக்குப் போன சில நாட்களில் எழுந்து நடமாடினாள்.

பின்னர் வந்த ஷாய்க்ஸர் என்ற ஸ்விஸ் விஞ்ஞானி கூறிய காரணம், பௌதிகம் படித்த எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. மலைமேல் லேசான காற்றில் வளர்ந்தவர்கள் சமவெளிக்கு இறங்கியதும், காற்றழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைப்படுகிறதாம். பாரோமீட்டர் புழக்கத்துக்கு வந்திருந்த காலம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்நிய ராணுவங்களில் கூலிக்குச் சேர்ந்த ஸ்விஸ் வீரர்களுக்கு, மாடு மேய்ப்போர் பாட்டைப் பாடவே தடை இருந்தது என்று ரூஸோ தமது இசை அகராதியில் எழுதியிருக்கிறார். 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் ராணுவ வைத்தியர்கள் 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வியாதியைப் பதிவு செய்தனர், மரணங்களும் உண்டு.

கருத்து மாறியது நம் காலத்தில்தான். கிரேக்கரான கான்ஸ்டன்டைன் ஸெடிகிடீஸ், 1999-ல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்தின் ஸவுதாம்ப்டனுக்கு வேலை மாறினார். பழைய ஊர் அடிக்கடி ஞாபகம் வருகிறது என்று சக பேராசிரியரிடம் சொல்ல, அவர் அதை மனச்சோர்வு என்றார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆராய்ச்சியில் இறங்கினார். 2006-ல் இவரும் டிம் வில்ட்ஷூட் முதலியோரும் வெளியிட்ட கட்டுரையின்படி, மனம் வாடும்போதும் தனிமையிலும்தான் இந்நினைவுகள் மிகுதியாக எழுகின்றன. எழுந்தபின், நமக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தெம்பும் சுயமதிப்பும் கூடுகின்றன. அன்றைய சிறுவனும் இன்றைய கிழவரும் ஒருவரே என்ற உணர்வை இந்நினைவுகள் வலுப்படுத்துவதாகவும் பிந்திய ஆய்வுகள் கூறுகின்றன.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. 1988-ல் எங்கள் கிராமத்து அகத்தை விற்றபோது, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணாவை, “எல்லாம் வெறும் செண்டிமெண்ட், வாங்கோ” என்று ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அழைத்துப் போனவன் நான். எனக்கு உத்தியோகம் இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது. அவருக்கு அந்த வீடுதான் இருந்தது. பிறகு என்னோடு டில்லியில் இருந்த வருஷங்களில், தினமும் சாப்பிட்டானதும் கிணற்றடியைப் பற்றியே பேசுவார். நான் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன்.