சொத்துத் தகுதியிலிருந்து குடியுரிமைக்கு: சென்னை மாகாணத்தில் பெண்களின் வாக்குரிமை (1917–1952)

இந்தியப் பெண்களுக்கு வாக்குரிமை, விடுதலைக்குப்பின் அரசியல் சட்டத்தோடு போராட்டமின்றிக் கிடைத்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சென்னை மாகாணத்தின் வரலாறு இதை மறுக்கிறது. சொத்து, கணவரின் தகுதி, எழுத்தறிவு என அடுத்தடுத்து விதிக்கப்பட்ட நிபந்தனைகளை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எதிர்த்த பிறகே பெண் முழு வாக்காளரானாள். அந்நிபந்தனைகள் உருவானதையும் நீங்கியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அடையாறில் தொடக்கம்

1917 மே மாதம் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலியோர் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தை நிறுவினர். அவ்வாண்டு இறுதியில் பிரிட்டிஷ் அரசின் இந்தியத் துறை அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தார். பெண்கல்வி பற்றி முறையிடவே கசின்ஸ் முதலில் அனுமதி கேட்டார். அரசியல் கோரிக்கையோடு வருவோரை மட்டுமே அமைச்சர் சந்திப்பார் என்று பதில் வந்ததும், விண்ணப்பத்தில் வாக்குரிமையும் இடம்பெற்றது. டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு அதை அவரிடம் அளித்தது.

வாக்குரிமை பற்றி ஆராய அடுத்து வந்த சவுத்பரோ குழு, சமூக வழக்கங்களைக் காரணம் காட்டிக் கோரிக்கையை நிராகரித்தது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமோ முடிவை மாகாண சட்டசபைகளிடம் விட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக, 1921இல் சென்னை சட்டசபை பாலினத் தடையை நீக்கியது. ஆனால் வரியும் சொத்தும் தகுதியாகத் தொடர்ந்தன. பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பங்கு மறுக்கப்பட்ட சமூகத்தில், இந்த வெற்றியின் பயன் மிகச் சிலருக்கே எட்டியது.

சட்டசபைக்குள் பெண்கள்

1926இல் தேர்தலில் நிற்கும் தடையும் விலகியது. மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாயா குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நியமன உறுப்பினராக நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் எழுப்பிய குரல், பெண் பிரதிநிதித்துவம் எதற்கு என்ற கேள்விக்குத் தெளிவான விடை.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கோரியது. சொத்தே வாக்குக்கு அளவுகோலாக இருந்த காலத்தில் இரு கோரிக்கைகளும் ஒரே அநீதியைத்தான் எதிர்த்தன.

மனைவி என்ற தகுதி

வாக்குரிமையை விரிவாக்குவது பற்றி அடுத்து ஆராய்ந்த லோதியன் குழு, சொத்துள்ளவரின் மனைவிக்கு வாக்குரிமை அளிக்கலாம் என்றது. பெண்ணின் உரிமையைத் திருமணத்தோடு கட்டுவதை மாதர் அமைப்புகள் எதிர்த்து, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டன. முத்துலட்சுமி ரெட்டி, ராஜகுமாரி அம்ரித் கௌர், ஷரீஃபா ஹமீத் அலி ஆகியோர் 1933இல் லண்டன் சென்று சாட்சியமளித்தனர். 1931இலேயே இலங்கைப் பெண்கள் ஆண்களுக்கு இணையாக வாக்களித்திருந்தும், இந்தியாவுக்கு அது தரப்படவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் மனைவி, விதவை, எழுத்தறிவு என்ற தகுதிகளைச் சேர்த்தது. ஏறத்தாழ 60 லட்சம் பெண்கள் வாக்காளர்களாயினர். சென்னை சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 1937 தேர்தலில் வென்ற ருக்மணி லட்சுமிபதி துணை சபாநாயகரானார்.

பெயரும் பட்டியலும்

1950இல் அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு இந்நிபந்தனைகள் அனைத்தையும் நீக்கியது. எனினும் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே பதிவானார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அத்தகைய பதிவுகளை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. சட்டம் கைவிட்ட மனைவித் தகுதியைச் சமூகம் இன்னும் விடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

நிபந்தனையோடு தரப்படும் உரிமை, ஏற்கெனவே வசதி பெற்றவர்களுக்கே முதலில் பயன்படும் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தமும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ஆகியவற்றைக் காத்திருப்பு நிபந்தனைகளாக்கியே நிறைவேறியது. அடையாறில் தொடங்கிய கோரிக்கை, பெண்கள் அவைகளில் உரிய இடம் பெறும்போதுதான் முழுமையடையும்.