கொட்டியாரக் குடாவின் தண்ணீரும் சம்பூரின் பத்து ஆண்டுகளும்

திருகோணமலை என்றதும் கோணேசர் ஆலயமும் இயற்கைத் துறைமுகமுமே நம்மில் பெரும்பாலானோரின் நினைவுக்கு வரும். உள்துறைமுகத்துக்குத் தெற்கே அகன்று விரியும் கொட்டியாரக் குடாவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இலங்கையின் மிக நீண்ட நதியான மகாவலி கங்கை கடலைச் சேருமிடம் அது. 1660 இல் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் தம் தந்தையாருடன் கண்டியரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டதும் இக்குடாவின் கரையில், மூதூரில்தான். குடாவின் கிழக்குக் கரையில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா, இளக்கந்தை என்று கிராமங்கள் தொடர்கின்றன. வயலும் கடலும் மேய்ச்சல் நிலமுமாக வாழ்ந்த ஊர்கள் இவை.

இந்தக் குடாவின் தண்ணீரை ஒரு மின் நிலையம் கேட்டது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பத்து ஆண்டுகள் சென்றன. அக்காலத்தின் பெரும்பகுதியில், தண்ணீருக்கு உரியவர்கள் அதன் கரையில் இருக்கவில்லை.

மின் நிலையத்துக்குக் கடல் எதற்கு?

நிலக்கரியானாலும் யுரேனியமானாலும் மின் நிலையத்தின் அடிப்படை ஒன்றே. வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுற்ற வைக்கிறார்கள். சுழலியை விட்டு வெளியேறும் ஆவியைக் குளிரச் செய்து மீண்டும் நீராக்க வேண்டும். அதற்குக் கடல் நீரைக் குழாய்களில் பாய்ச்சி, சூடான நீரைத் திரும்பக் கடலில் விடுவதே மலிவான வழி. எரிபொருள் தரும் வெப்பத்தில் பாதிக்குக் கிட்டிய பங்கு, சில நிலையங்களில் அதற்கும் மேல், இவ்வாறு கடலைத்தான் சென்றடைகிறது.

இந்தியாவில் புதிய கரையோர அனல்மின் நிலையங்கள் கடல் நீரின் வெப்பத்தை 7 பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது விதி. அந்த அளவை வைத்துக்கொண்டு 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றுக்குக் கணக்கிட்டால், வினாடிக்கு 20 முதல் 25 கன மீட்டர் வரை கடல் நீர் தேவைப்படும். மணிக்கு ஏறத்தாழ எட்டுக் கோடி லீற்றர். ஒரு சிற்றாறு இடையறாது கடலிலிருந்து ஏறி, வெந்நீராகத் திரும்ப இறங்குவதற்கு ஒப்பானது இது. மீன் முட்டையும் குஞ்சும் இறால் குஞ்சும் அந்த ஆற்றோடு சேர்ந்தே உள்ளே செல்லும்.

வெந்நீருக்குக் கன்னியாவின் ஏழு கிணறுகள் எங்கள் மாவட்டத்துக்குப் போதும் என்று திருகோணமலை நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைக்குள் விடயம் இருந்தது.

ஊர் வெறுமையான பின் வந்த உடன்படிக்கை

திருகோணமலையில் நிலக்கரி மின் நிலையம் என்ற எண்ணம் 1980களிலேயே தோன்றியது. எதிர்ப்பும் போரும் அதனைப் பின்தள்ளின. இலங்கையின் முதலாவது பெரிய நிலக்கரி நிலையம் பின்னர் மேற்குக் கரையில் நுரைச்சோலையில் அமைந்தது. அதன் முதல் அலகு 2011 இல் இயங்கத் தொடங்கியது.

சம்பூரின் கதை வேறு. 2006 ஏப்ரலில் தொடங்கிய விமானத் தாக்குதல்களும் எறிகணை வீச்சும் மூதூர் கிழக்கு மக்களை ஊரை விட்டுக் கிளப்பின. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, ஈற்றில் கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய முகாம்களில் அவர்கள் தங்கினர். 2006 செப்டெம்பர் 4 ஆந் திகதி இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. நான்கு மாதங்கள் கழியுமுன்னரே, 2006 டிசம்பர் இறுதியில், இலங்கை அரசும் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்துக்கான இணக்கக் குறிப்பில் ஒப்பமிட்டன. 2007 மே மாத இறுதியில் மூதூர் கிழக்கும் சம்பூரும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டன.

இந்த வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதலில் ஊர் வெறுமையானது. பிறகு திட்டம் கையெழுத்தானது. அதன் பின்னர் ஊருக்குத் திரும்பும் வழி சட்டத்தால் அடைக்கப்பட்டது. 2011 இல் மின்சார சபையும் இந்தியக் கழகமும் சரிபாதிப் பங்குடன் திருகோணமலை மின் கம்பனியை அமைத்தன. 2013 ஒக்டோபரில் மின் கொள்வனவு உடன்படிக்கை முதலியன கைச்சாத்தாகின.

இலங்கையின் 1980 ஆம் ஆண்டு 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைக் கட்டாயமாக்குகின்றன. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 30 நாட்களுக்குள் எவரும் கருத்துக் கூறலாம். நல்ல சட்டம்தான். ஆனால் 2015 இல் சம்பூர் அறிக்கை வெளிவந்தபோது அக்கரையின் மீனவர்களிற் பலர் ஒன்பது ஆண்டுகளாக முகாம் வாசிகள். கொட்டியாரக் குடாவில் நீரை எடுத்து, கிழக்கே ஷெல் குடாவில் சூடான நீரை விடுவது திட்டம். எந்தப் பருவத்தில் எந்த மீன் எங்கே இனம்பெருக்கும், மகாவலியின் வெள்ளம் இறங்கும் மாதங்களில் நீரோட்டம் எப்பக்கம் திரும்பும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள். அந்த நீரில் வலை வீச முடியாதிருந்தவர்களிடம் 30 நாள் அவகாசத்தைக் கொடுத்துக் கருத்துக் கேட்டது சட்டம்.

அணு உலை கற்பித்த பாடம்

குளிர்விக்கும் நீர் பற்றிய கேள்வி அணுமின் நிலையத்தில் இன்னும் கடுமையானது. நிலக்கரி உலையில் தீயை அணைத்தால் வெப்பமும் விரைவில் அடங்கும். அணு உலையை நிறுத்திய பின்னரும் எரிபொருளிலுள்ள கதிரியக்கப் பொருட்கள் வெப்பத்தைத் தந்துகொண்டேயிருக்கும். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம். ஒரு நாளின் பின் அரைச் சதவீதமளவு. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையில் அந்த அரைச் சதவீதமே ஏறத்தாழ 15 மெகாவாட் வெப்பமாகும். ஆகவே மின்சாரம் உற்பத்தி செய்யாத நாளிலும் அணு உலைக்குத் தண்ணீர் வேண்டும்.

2004 டிசம்பர் 26 இல் மூதூர் உள்ளிட்ட திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை தமிழகத்தின் கல்பாக்கத்தையும் தாக்கியது. சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது அலகு அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. கடலில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து கடலடிச் சுரங்கத்தின் வழியே நீர் பெறும் நிலையம் அது. நீரிறைக்கும் கூடத்தில் வெள்ளம் ஏற, நீராவியைக் குளிர்விக்கும் பம்பிகள் மூழ்கின. ஊழியர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். பிரதான கட்டடங்கள் உயர்ந்த தளத்தில் இருந்தமை காத்தது. குடியிருப்பில் பலர் மாண்டனர். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியுடன் 2005 ஜனவரித் தொடக்கத்தில் உலை மீண்டும் இயங்கியது.

2011 மார்ச் 11 இல் ஜப்பானின் புக்குஷிமாவுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 5.7 மீட்டர் அலையைக் கணக்கில் வைத்துப் பாதுகாக்கப்பட்ட நிலையத்தை 14 மீட்டருக்கு மேற்பட்ட வெள்ளம் மூடியது. கடல் நீர்ப் பம்பிகளும் டீசல் மின்னாக்கிகளும் செயலிழந்தன. மூன்று உலைகள் உருகின. ஆபத்து எப்போதும் பேரலையாக வருவதுமில்லை. 2013 இல் சுவீடனின் ஒஸ்கர்ஷாம் அணுமின் நிலையத்தில் ஓர் உலையை நிறுத்த வைத்தவை, நீர்வாயிலை அடைத்த சொறிமீன் கூட்டங்கள்.

இதன் பின்னரே இந்தியாவில் ஒவ்வொரு நிலையத்தின் நீர் வழங்கலும் மறுபரிசீலனைக்கு உள்ளானது. இடிந்தகரை மக்கள் கூடங்குளத்தை எதிர்த்து நின்றபோது கேட்ட கேள்விகளில் நன்னீர் எங்கிருந்து வரும், மின்சாரமும் பம்பியும் ஒருங்கே நின்றால் உலை என்னாகும் என்பனவும் இருந்தன. 2013 மே 6 இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் விதித்து நிலையத்தை அனுமதித்தது. அதற்கு முன்னரே, 2012 இல், ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று இந்தியக் கணக்காய்வாளர் தலைவரின் அறிக்கை குறை கூறியிருந்தது.

எஞ்சியிருக்கும் கேள்வி

சம்பூர் மக்கள் 2015 ஆகஸ்டிலும் 2016 மார்ச்சிலும் கட்டங்கட்டமாகத் தம் காணிகளுக்குத் திரும்பினர். திரும்பிய கையோடு நிலக்கரியை எதிர்த்து வீதியில் இறங்கினர். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படமாட்டாது என்று அரச தரப்பு நீதிமன்றில் அறிவித்தது. அதே இடத்தில் சூரிய மின்சாரத் திட்டத்தை 2025 ஏப்ரல் 5 இல் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்து தொடக்கி வைத்தனர். சூரியத் தகடுகளுக்குக் கடல் நீர் வேண்டியதில்லை.

இதோடு விடயம் முடிந்துவிட்டதா? 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை, அணுசக்தியை வளர்க்கும் சபையையும் அதனைக் கண்காணிக்கும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வேறுவேறாக்கியது. இது பாராட்டத்தக்கது. 2022 இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று வந்து, அணுமின்சாரத்துக்கு நாடு எவ்வளவு தூரம் ஆயத்தமாகியுள்ளது என்று ஆராய்ந்து சென்றது. தீவொன்றில் அணு உலை அமையுமாயின் அது கடற்கரையை நாடுவதே இயல்பு. எந்தக் கரை என்பது பின்னர் தீர்மானிக்கப்படலாம்.

அவ்வேளையில் நீர்வாயிலின் ஆழத்தையும் அலையின் உயரத்தையும் பொறியியலாளர்கள் கணிப்பர், கணிக்கவும் வேண்டும். அதற்கு முன் நிர்வாகம் விடை கூற வேண்டியது, அந்தக் கரையில் பிறந்தவர்கள் அப்போது அங்கே வாழ்கிறார்களா, அறிக்கையைத் தம் மொழியில் வாசித்துத் தம் கடலைப் பற்றிச் சாட்சி சொல்லும் நிலையில் இருக்கிறார்களா என்பதற்கே. சம்பூரில் 2006 முதல் 2015 வரை இதற்கான விடை இல்லை என்பதாகவே இருந்தது. குடாவைக் காத்தது அறிக்கையின் நுட்பமன்று. மக்கள் ஊர் திரும்பியதும், வழக்கொன்று நீதிமன்றம் ஏறியதும், இரு அரசுகளின் மனம் மாறியதும் ஒரே ஆண்டில் கூடிவந்தமையே. இன்னொரு கரைக்கு அவ்வாறு கூடிவரும் என்று நம்பியிருக்க முடியாது.