பெயரும் பேணியும்

சாதிப்பெயரைச் சபையிற் சொல்லலாகாது என்னும் நாகரிகத்தால் இனியும் பயனுண்டோ எனச் சிலர் வினவுகின்றனர். சண்டிலிப்பாய்க்கு அயலூரான சங்கானையை நாம் நினைவுகூர்தல் தகும்.

முதியவரையும் சிறுவர் ‘நீ’ என விளித்த நாடு இது! இங்கே ஒடுக்கப்பட்டோர் 1940களிலே தம்மைச் ‘சிறுபான்மைத் தமிழர்’ எனப் பெயரிட்டு மகாசபை கண்டமை சிறு காரியமன்று. ஆயினும் பெயர் மாறியும், 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும், தேநீர்க்கடையில் அவர்களுக்குத் தனிப்பேணியும் போத்தலுமே நீட்டப்பட்டன. 1960களின் பிற்பகுதியிற் சங்கானை நிச்சாமத்து மக்கள் உயிர்ப்பலி கொடுத்தே சமத்துவம் கேட்டனர்.

மரியாதைச் சொல் வேண்டுவதே. மணப்பேச்சிற் சாதி விசாரித்து, மேடையில் மட்டும் நாக்காப்போரின் மரியாதையை நாம் நம்பவில்லை.

கே. டானியல் 1972இல் வெளிவந்த தம் நாவலுக்குப் ‘பஞ்சமர்’ என்றே பெயரிட்டார்.