ஒரகடம் கடைக்கு ஒரு ரிமோட் மென்பொருள் – கொஞ்சம் வரலாறு



ஒரகடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தான். “சார், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து டேலி திறக்கலைன்னு கூப்பிடுறாங்க. பத்து நிமிஷ வேலைக்கு பைக்ல போய் வர்றதுக்குள்ள அரை நாள் போயிடுது. கடையில உட்கார்ந்தே பார்க்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?” வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தபோது, வரலாறு இதற்குத்தான் உதவும் என்று தோன்றியது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-ல் அடிக்கல் நாட்டினார்கள்; 1998-ல் சான்ட்ரோ வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான். பெரிய ஆலைகளுக்குச் சொந்த ஐ.டி. ஆட்கள் உண்டு. அவற்றைச் சுற்றி முளைத்த சின்ன ஷெட்டுகளில் ஒரு கணக்காளரும் இரண்டு கம்ப்யூட்டரும்தான். இவன் பிழைப்பு அவர்களிடம்தான்.

தூரத்திலிருந்து இன்னொரு கணினியை இயக்குவது புதிதல்ல. பிசி எனிவேர் 1986-லேயே வந்துவிட்டது. மோடம் வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிடும். 1990-களின் கடைசியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தார் வி.என்.சி. என்பதை உருவாக்கி, மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆய்வகம் பிறகு ஏ.டி. அண்ட் டி. கைக்குப் போய் 2002-ல் மூடப்பட்டது. செய்தவர்களே வெளியே வந்து ரியல் வி.என்.சி. என்ற நிறுவனம் தொடங்கினார்கள். இலவசமாக வந்ததை யார் பராமரிப்பது என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.

ஆனால் வி.என்.சி.யில் ஒரு சிக்கல். அலுவலக ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு இணையத்தில் நேரடி முகவரி கிடையாது. வெளியிலிருந்து கூப்பிட முடியாது. 2005-ல் ஜெர்மனியில் தொடங்கிய டீம்வியூவர் போன்றவை இதை எளிதாக்கின. இரு பக்கமும் வெளியே நிறுவனத்தின் சர்வரைத் தொடர்பு கொள்ளும். சர்வர் இருவரையும் சேர்த்துவைக்கும். ஒரு எண்ணும் கடவுச்சொல்லும் போதும். 2014-ல் எனிடெஸ்க்கும் ஜெர்மனியிலிருந்தே வந்தது. வசதிதான், ஆனால் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார்.

2012 ஜனவரியில் சைமன்டெக் நிறுவனம், பிசி எனிவேரின் மூல நிரல் 2006-லேயே திருடுபோனதாகச் சொல்லி, சரிசெய்யும் வரை அதை அணைத்து வைக்கும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஆறு வருஷம்! 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க்கின் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று வங்கிகளை எச்சரித்தது. அங்கே மென்பொருளில் ஓட்டை இல்லை, எண்ணைச் சொன்னவரின் நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். என் மாணவனும் ஒப்புக்கொண்டான்: “அந்த மாதிரி ஆப்னு சொன்னாலே போனை வெச்சிடுறாங்க சார்.”

இன்னொன்றையும் தயங்கித்தான் சொன்னான். சில மாதம் இலவசப் பதிப்பு ஒன்றை வைத்து ஓட்டியிருக்கிறான். சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசமாம். தொழிலுக்குப் பயன்படுத்துகிறாய் என்று கண்டுபிடித்து, வேலை நடுவிலேயே இணைப்பு அறுந்துவிட்டது. அதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. பத்துப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களின் கணினியிலும் ஒரே நிரந்தரக் கடவுச்சொல்லைப் போட்டு வைத்திருந்தான். “அவங்களுக்குத் தெரியுமாடா?” என்றேன். பதில் இல்லை. அவர்கள் சம்பளப் பட்டியல், ஜி.எஸ்.டி. எல்லாம் அதில்தான் இருக்கிறது. அன்று கொஞ்சம் கோபமாகத்தான் பேசினேன்.

ரஸ்ட்டெஸ்க் என்ற திறந்த மூல மென்பொருளில் சர்வரையே சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடித்தது. ஆனால் தனி ஆள், நள்ளிரவில் சர்வரை யார் பார்ப்பது என்று கேட்டான், நியாயம்தான். ஹூண்டாய் அடிக்கல் நாட்டிய அதே 1996-ல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கிய ஜோஹோவிடம் அசிஸ்ட் இருக்கிறது. கூடுவாஞ்சேரிப் பக்கம்தான் அவர்கள் வளாகம். நம்மூர் என்பதற்காக வாங்காதே, ஒரு மாதம் சோதித்துப் பார் என்றேன். எதை வாங்கினாலும் காசு கட்டித் தொழில் உரிமம் எடு, ஒவ்வொரு முறையும் புது எண் கேள், பழைய கடவுச்சொற்களை இந்த வாரமே அழித்துவிடு என்றும் சொன்னேன்.

நேற்று போன் செய்தான். பழைய கடவுச்சொற்களை அழித்துவிட்டானாம். வல்லத்தில் ஒரு கணக்காளர் அம்மா, “நீங்க செய்யிறத நான் பார்த்துக்கிட்டே இருக்கலாமா?” என்று கேட்டாராம். “பாருங்கம்மா, வேணாம்னு தோணினா நீங்களே மூடிடலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் பிரிண்டரைச் சரிசெய்தானாம்.