மலைநாட்டுக்கு வந்த ஊசியிலை மரங்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் குளிர் உண்டு, பனி உண்டு, ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்களும் உண்டு. ஆயினும் பைன், சைப்பிரஸ், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மரங்களுள் ஒன்றேனும் இத்தீவின் காடுகளில் இயற்கையாகத் தோன்றியதன்று. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பங்களா வாயில்களிலும் தேவாலய முற்றங்களிலும் கூம்பு வடிவாக உயர்ந்து நிற்கும் அம்மரங்கள் யாவும் கடல் கடந்து வந்தவையே. விரும்பி வரவழைத்தவர் ஒருவர். குழி வெட்டி நட்டு, நீர் வார்த்து, களை பிடுங்கி வளர்த்தவர் வேறொருவர். ஆதலால் அம்மரங்களின் வரலாறு அவ்விருசாராரின் வரலாறுமாகும்.

ஊசியிலை மரங்களுள் பூந்தோட்டப் பிரியர்களின் மனத்தைக் கவர்ந்தது நீல ஸ்புரூஸ். வட அமெரிக்காவின் றொக்கி மலைத்தொடர் அதன் தாயகம். 1862ஆம் ஆண்டு சார்ள்ஸ் பரி என்னும் தாவரவியலாளர் கொலராடோ நாட்டுப் பைக்ஸ் சிகரத்தில் அதனைக் கண்டார். அதன் இலையில் உள்ள நீல வண்ணம் உண்மையில் இலையின் வண்ணமன்று. பச்சை ஊசிகளின் மேற் படிந்த மெல்லிய மெழுகுப் பூச்சே ஒளியைச் சிதறச் செய்து வெண்ணீலமாகத் தோன்றுகிறது. விரலால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு நீங்க, உள்ளிருக்கும் பச்சை வெளிப்படும். காட்டில் எழுபது அடிக்கும் மேலாக வளரும் இம்மரம் சிறிய முற்றத்துக்கு ஏற்றதன்று. எனவே ஐரோப்பிய நாற்றுப்பண்ணையாளர் குறுகி வளரும் வகைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒல்லாந்தின் பொஸ்கூப் என்னும் ஊரில் 1937ஆம் ஆண்டளவில் கிடைத்த உருண்டை வடிவான வகை அவற்றுட் புகழ் பெற்றது. பத்து ஆண்டுகள் சென்ற பின்னரும் அது மனிதனின் இடுப்பளவைத் தாண்டுவது அரிது.

இத்தகைய மரம் வட்டவளையில் வளருமா? கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடிக்குச் சற்று உயர்ந்த அவ்வூர், இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் மோதி, ஆண்டொன்றில் ஏறத்தாழ 200 அங்குல மழையை அங்கே கொட்டிவிடுகிறது. நீல ஸ்புரூஸின் தாயகத்தில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையும் பனியுஞ் சேர்ந்து 18 முதல் 24 அங்குலமே. அம்மரம் கடுங்குளிரில் நீண்ட உறக்கங் கொண்டு, வசந்தத்தில் விழித்துத் தளிர்ப்பது. வட்டவளையில் அதற்கு உறக்கமுமில்லை; உலர்ந்த காற்றுமில்லை. ஈரம் ஓயாத இடங்களில் ஊசிகளைப் பழுப்பாக்கி உதிர்க்கும் பூஞ்சண நோய் அதனை எளிதிற் பற்றும். உயரமுங் குளிருமே ஒத்திருந்தால் எம்மரமும் வளரும் என்று எண்ணுவது பிழை. மழையின் அளவும் பருவத்தின் ஒழுங்கும் ஒத்தாலன்றி வேர் ஊன்றாது.

இந்த உண்மையை ஆங்கிலேயர் சோதித்துச் சோதித்தே அறிந்தனர். தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820களில் நுவரெலியாவை உடல்நலந் தேடுவோர் தங்கும் இடமாக்கினார். 1848ஆம் ஆண்டில் அங்குக் குடியேறிய சாமுவேல் பேக்கர், ஆங்கில நாட்டுக் கால்நடைகளையும் பயிர்களையும் கொணர்ந்து ஒரு பண்ணையை நிறுவ முயன்றார். 1861ஆம் ஆண்டில், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய சிங்கோனாவைப் பயிரிடுவதற்காக ஹக்கலப் பூங்கா தொடங்கப்பட்டது. அக்காலத்தில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்தவர் துவெயிற்ஸ். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். அதன் விலையும் வீழ்ந்தபின் தேயிலையே நிலைத்தது.

மருந்துப் பயிருக்கென அமைந்த ஹக்கல, 1880கள் முதல் அலங்காரப் பூங்காவாக உருமாறியது. நொக் குடும்பத்தைச் சேர்ந்தோர் அடுத்தடுத்து அதன் மேற்பார்வையாளராயிருந்தனர். கலிபோர்ணியாவின் மொன்றறே சைப்பிரஸ், யப்பானியச் சீடர், இமயத்துப் பைன் எனப் பல நாட்டு ஊசியிலை மரங்கள் அங்கு ஒருங்கே நிற்பது அவ்வரலாற்றின் சான்றாகும். இவற்றுள் எவை நிலைத்தன என்பது ஆராயத்தக்கது. மழை மிகுந்த நாட்டிலிருந்து வந்த யப்பானியச் சீடர் செழித்தது. கடற்கரை மூடுபனியிற் பழகிய மொன்றறே சைப்பிரஸ் நுவரெலியாவின் மூடுபனியிலுந் தழைத்தது.

1884ஆம் ஆண்டில் புகையிரதம் வட்டவளை வழியாக ஹட்டனை அடைந்தது. தோட்டந்தோறும் பங்களாக்கள் எழுந்தன. அவற்றைச் சூழச் சைப்பிரஸ் வேலியும், புற்றரையும், ரோசாப் பாத்தியும் அமைந்தன. தாய்நாட்டை நினைந்து ஏங்கிய துரைமாருக்கு அக்கூம்பு மரங்கள் ஆறுதலளித்திருக்கக்கூடும். ஆனால் அம்மரங்களை வளர்த்த கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் கைகளே. தவறணை என்று தோட்டத்து மக்கள் வழங்கும் நாற்றுமேடையில் கன்று வளர்த்தவர்களும், கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களும் அவர்களே. தேயிலைச் செடியை எவ்வளவு தாழ வெட்டினும் மீண்டுந் தளிர்க்கும்; சைப்பிரஸையோ ஸ்புரூஸையோ முதிர்ந்த தண்டு வரை வெட்டிவிட்டால் அவ்விடம் தளிர்ப்பதில்லை. இவ்வேறுபாட்டை அறிந்தே பங்களா வேலிகள் கத்தரிக்கப்பட வேண்டும். அந்த அறிவைக் கைவழியாகக் காத்தவர்களுடைய பெயர்கள் எந்தப் பூங்காவின் பெயர்ப்பலகையிலும் இல்லை.

தோட்டம் என்ற சொல்லும் இங்கே கருதத்தக்கது. பொதுவாகத் தமிழில் தோட்டம் என்றால் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய, ஒருவன் தனதெனக் கொண்ட நிலம். மலைநாட்டிலோ அச்சொல் ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட பெருந்தோட்டத்தைக் குறிக்கும். தோட்டத்திற் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, தோட்டத்திலேயே மடிந்த ஒருவனுக்குத் தோட்டம் இருந்ததில்லை. லய வாசலில் அவன் வைத்த அவரைக்கொடியும் செவ்வந்திச் செடியும் நிருவாகம் இசைந்திருக்கும் வரையே அவனுடையவை.

மரம் நடுவோனுக்கு நாளைய நாள் உறுதியாயிருத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவ்வுறுதியைத் தொழிலாளரிடமிருந்து பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கவும், 300,000 பேரை இலங்கை ஏற்கவும் வகுத்தது. அதன் பயனாகக் கப்பலேறியவர்களுள் ஒரு பகுதியினர், தமிழ்நாட்டரசு 1968இல் அவர்களுக்கென நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கும் சைப்பிரஸும் பைனும் வரிசையாக நின்றன. இரு மலைகளிலும் அம்மரங்களைப் பரப்பியது ஒரே பேரரசு. மரங்கள் இரண்டு மண்ணிலும் வேரூன்றியிருந்தன. அவற்றை வளர்த்த மக்களுக்கோ இரண்டு மண்ணிலும் ஊன்றும் உரிமை எளிதிற் கிட்டவில்லை. இலங்கையில் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2015ஆம் ஆண்டுக்குப் பின்னர், லயங்களுக்கு மாற்றாக 7 பேர்ச் காணியில் தனிவீடு அமைக்கும் திட்டம் சில தோட்டங்களிற் செயற்பட்டது. எல்லாக் குடும்பங்களையும் அது சென்றடையவில்லை. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1900 சதுர அடி. வீடு போக எஞ்சும் முற்றம் சிறிதே. குறுகி வளரும் மரத்தின் பெருமை இங்கேதான் விளங்கும்.

அத்தகைய முற்றத்தில் நீல ஸ்புரூஸை விரும்புவோர், வட்டவளை மழையில் அதனை நிலத்தில் நடுதல் வீண். சரளை மிகுந்த மண் நிரப்பிய தொட்டியில், கூரையின் கீழ், காற்றோட்டமும் வெயிலும் படுமிடத்தில் வைத்தால் சில காலம் நிற்கலாம். ஆனால் அதன் ஆயுளுக்கு எவரும் உறுதி கூறல் இயலாது. நிலைத்து நிற்பதை நாடுவோர் யப்பானியச் சீடரின் குறுகிய வகைகளைத் தேர்தல் நலம். சரிவான இடத்தில் மேடு கட்டி, மழைநீர் தேங்காமல் வடிகால் வெட்டி நடவேண்டும். வடிகால் வெட்டும் கலையை மலைநாட்டார்க்கு எவருங் கற்பிக்க வேண்டியதில்லை. தேயிலைச் சரிவுகளில் அவர்தம் முன்னோர் வெட்டிய கான்கள் இன்றும் நீர் வடித்துக்கொண்டிருக்கின்றன.

நீல ஸ்புரூஸ் வட்டவளைக்கு வராமற் போயினும் இழப்பில்லை. யப்பானியச் சீடரானாலும் சரி, வாசலில் ஒரு செவ்வந்தியானாலும் சரி, அதனை நட்டவரே அதன் நிழலுக்கும் பூவுக்கும் உரியவராதல் வேண்டும். பங்களா வாயிலில் பிறருக்காக நூற்றைம்பது ஆண்டுகள் மரம் வளர்த்த ஒரு சமூகம், தன் பெயரில் எழுதப்பட்ட உறுதியோடு தன் முற்றத்தில் முதற் கன்றை நடும் நாளே, மலைநாட்டின் மர வரலாற்றில் குறித்து வைக்கவேண்டிய நாளாகும்.