பரங்கியும் பீரங்கியும்

திண்டுக்கல் நாகல் நகரில் காய்கறிக் கடைப் பக்கம் போனால் பரங்கிக்காயைக் கீற்றுப் போட்டு வைத்திருப்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை. அந்த மதிலில் ஒரு காலத்தில் பீரங்கிகள் நின்றன. தராசில் கிடக்கும் காய்க்கும் மதிலில் நின்ற இரும்புக்கும் பெயர் ஒரே மூலத்திலிருந்து வந்தது. ‘ஃபிராங்க்’ என்ற ஜெர்மானிய இனத்தின் பெயர் அது. பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயரும் அதிலிருந்து வந்ததே.

அரபு எழுத்தில் முன்பே இருந்த இந்தப் பெயரை மேற்காசியாவின் கடைத்தெருவரை கொண்டுபோனது சிலுவைப் போர். அந்தப் போரின் தளபதிகளில் ஒருவர் போஹமண்ட். தென் இத்தாலியில் பிறந்த நார்மன். நார்மன் என்றால் வடக்கத்தியான். வடகடலிலிருந்து படகேறி வந்து பிரான்சில் குடியேறிய கொள்ளைக்கூட்டத்தின் வழிவந்தவர்கள். 1097இல் கான்ஸ்டான்டினோபிளில் தாம் சிறுமியாக இருந்தபோது அவரைப் பார்த்த இளவரசி அன்னா கொம்னேனா, ஊரிலேயே உயரமானவரைவிட அவர் ஏறக்குறைய ஒரு முழம் கூடுதல் என்று பின்னாளில் எழுதிவைத்தார். அந்தியோக்கியா நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் கோபுரக் காவலன் ஒருவனை உள்கையாக்கி, 1098 ஜூன் மாத இரவொன்றில் ஏணி சாத்தி ஏறிப் பிடித்தார் போஹமண்ட். நகரை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தானே இளவரசரானார். 1100இல் துருக்கியரிடம் சிறைப்பட்டு, 1103இல் மீண்டு, 1111இல் இறந்தார்.

பிறப்பு இத்தாலி, குலம் நார்மன். ஆனால் எதிரே நின்றவர்களுக்கு இந்த வேறுபாடெல்லாம் எதற்கு? மேற்கிலிருந்து சிலுவையோடு வந்தவன் எல்லாம் அரபியில் ‘இஃப்ரஞ்ச்’, பாரசீகத்தில் ‘ஃபரங்கி’. ஓர் இனத்தின் பெயர் ஒரு திசையின் பெயராகிவிட்டது.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது, இந்தியக் கடற்கரையில் வாணிகம் செய்த முஸ்லிம்களிடம் இந்தச் சொல் தயாராக இருந்தது. போர்ச்சுக்கீசியருக்கு அதையே சூட்டினார்கள். தமிழில் ஃபகரம் இல்லை, பகரம் ஏற்றுக்கொண்டது. அரபியின் ‘ஞ்ச்’ வராமல் ‘ங்கி’ என்று முடிவதைப் பார்த்தால், பாரசீக வடிவமே நமக்கு வந்தது என்று கொள்ளலாம். பரங்கி, பறங்கி என இரண்டு விதமாகவும் எழுதினோம்.

அதன்பின் போர்ச்சுக்கீசியர் தொட்டதெல்லாம் பரங்கி. அவர்கள் குடியிருந்த குன்று பரங்கிமலை, துறைமுகம் பரங்கிப்பேட்டை. இலங்கையில் ஐரோப்பியக் கலப்பு வழியினர் இன்றும் பறங்கியர். மேகநோய் பறங்கிப்புண் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் என்ற வடமொழி மருத்துவ நூலும் அதை ‘ஃபிரங்க ரோகம்’ என்றே சொல்கிறது. அந்தப் புண்ணுக்கு மருந்தான சீனத்துக் கிழங்கும் பறங்கிப்பட்டை என்றானது. பரங்கிக்காயோ அமெரிக்கப் பயிர். நோய், மருந்து, காய் மூன்றில் எதுவுமே ஃபிராங்க் நாட்டில் பிறந்ததால் அந்தப் பெயரைப் பெறவில்லை. ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதை இந்தச் சொல் சொல்லாது. யார் கைவழி வந்தது என்பதைத்தான் சொல்லும். போஹமண்டுக்கு நேர்ந்ததே பரங்கிக்காய்க்கும் நேர்ந்தது.

பீரங்கியின் கதையும் அதுதான். 1526 பானிபட் போரைப் பற்றி எழுதும்போது பாபர் தம் பீரங்கிகளில் ஒரு வகையை ‘ஃபிரங்கி’ என்கிறார். வெடிமருந்து சீனத்துக் கண்டுபிடிப்பு. பெயர் என்னவோ ஐரோப்பியனுடையது. திண்டுக்கல்லில் ஒருமுறை பெயரும் ஆளும் சரியாகப் பொருந்தின. மைசூரின் ஃபவுஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, 1755இல் இங்கே வந்த ஐதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்துப் படைக்கலச் சாலை அமைத்தார். உண்மையான ஃபிராங்க் நாட்டவர் பீரங்கி வேலை பார்த்த ஊர் இது.

1792இல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. அவர்கள் ஆட்சி வேரூன்றிய பின் வந்து சேர்ந்த பொருள்களுக்கு ‘சீமை’ என்ற அடைமொழி நிலைத்தது. திண்டுக்கல் சமவெளியை அடைத்து நிற்கும் முள்மரமும் சீமைக் கருவேலம்தான். அதுவும் அமெரிக்கச் சரக்கே. பரங்கிக்கு வேலை குறைந்தது. காய்கூட எல்லா ஊரிலும் அந்தப் பெயரோடு இல்லை: மதுரைப் பக்கம் பூசணி என்பார்கள், ஒட்டன்சத்திரம் தாண்டிக் கொங்குப் பக்கம் போனால் அரசாணிக்காய். பீரங்கிக்கு மட்டும் பேச்சுவழக்கில் மாற்றுப்பெயர் எதுவும் ஊன்றவில்லை. அயற்சொல் என்ற நினைப்பே இல்லாமல் எல்லாரும் எழுதுகிறோம். சாப்பிடும் பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் வைத்துக்கொண்டோம். சுடும் பொருளுக்குச் சுட்டவன் பெயரை அப்படியே விட்டுவிட்டோம்.