கடல் யாத்திரையும் அதன் பயனும்

மனிதனுக்கு அறிவு வளரும் வழிகள் பல. நல்ல நூல்களைக் கற்றல் ஒன்று. கற்றோர் சொல்லைக் கேட்டல் மற்றொன்று. பிற தேசங்களையும் அவற்றின் நகரங்களையும் நேரிற் கண்டு வருதல் வேறொன்று. முதலிரண்டின் அருமையை நம்மவர் நன்கறிவர். மூன்றாவதைப் பற்றி மட்டும் நம்முள் இரு வகையான எண்ணங்கள் நிலவுகின்றன.

பாலக்கோட்டிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வாழும் நம் குடும்பத்தாருள், "நிலமும் தொழிலும் இங்கிருக்க நமக்கு அந்நிய தேசம் எதற்கு?" என்பார் ஒரு சாரார். பொருள் படைத்த மற்றொரு சாரார், பத்து நாளில் ஐந்து நகரங்களைச் சுற்றி, உயர்ந்த கட்டடங்களின்முன் நின்று படமெடுத்துக்கொண்டு, கடைச்சரக்குகளுடன் திரும்புகின்றனர். முன்னவர் போகாமையால் இழக்கின்றனர். பின்னவர் போயும் இழக்கின்றனர். யாத்திரையின் பயன் கண்ணுக்கு விருந்தன்று. போனவர் தம் மக்களுக்கென்று எதைக் கொண்டு வருகிறார் என்பதே அதன் அளவுகோல். இவ்வுண்மையைச் சரித்திரம் எவ்வாறு காட்டுகிறது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

பண்டைத் தமிழரும் கடலும்

கடல் கடத்தல் தமிழருக்குப் புதிதன்று. எகிப்து தேசத்தில் செங்கடற் கரையிலுள்ள குசேர் அல்-காதிம் என்னுமிடத்தில் அகழ்ந்தபோது, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அவற்றுள் கணன், சாதன் என்னும் ஆட்பெயர்கள் காணப்பட்டன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் நம் நாட்டார் தம் பெயரெழுதிய பாண்டங்களுடன் அத்துறைமுகத்தில் இருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

கிழக்கே சயாம் தேசத்துத் தகுவாபா என்னும் ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று, அங்கு வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமம் என்னும் வணிகச் சங்கத்தாரின் காவலில் விட்ட செய்தியைக் கூறுகிறது. சுமத்திரா தீவில் பாரூஸ் என்னுமிடத்தில் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிப்பிடுகிறது. அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் தனித்தனியே போனவரல்லர். சங்கமாகக் கூடி, ஒருவருக்கொருவர் துணைநின்று கடல் கடந்தவர். போன இடத்தில் குளமும் கோயிலும் பேணியவர். சங்கம் என்பது பிரயாணத்திற்குத் துணையாக இருந்த காலம் அது.

ஜாதிக் கட்டும் கடல் தடையும்

ஆயினும் மறுபுறத்தில், கடற் பிரயாணத்தைப் பதிதத்துவம் தரும் பாவங்களுள் ஒன்றாகப் போதாயன தர்மசூத்திரம் வைத்தது. நாளடைவில் இவ்விதி பல ஜாதிகளில் இறுகிய கட்டாயிற்று. அதன் கொடுமையை அறிய இரு பெரியோர் சரித்திரம் போதும்.

1888-ஆம் வருஷம் மோகன்தாஸ் காந்தி என்னும் பதினெட்டு வயது இளைஞர் சட்டம் படிக்க இலண்டன் செல்லும் பொருட்டுப் பம்பாய் வந்து சேர்ந்தார். மோத் வணிக ஜாதியைச் சேர்ந்த ஒருவரும் அதுவரை இங்கிலாந்து சென்றதில்லை. ஜாதிக் கூட்டம் கூடிற்று. தலைவர் அவருடைய தகப்பனாருக்கு வேண்டியவர், தூர உறவினருங்கூட. "கடல் கடப்பது நம் மதத்திற்கு விரோதம், அங்கே ஆசாரம் கெடும்" என்றார் அவர். மதுவும் மாமிசமும் பிறர் மாதரும் தீண்டேன் என்று தாய்க்கு வாக்களித்திருப்பதாக இளைஞர் பணிவுடன் விடையிறுத்தார். கூட்டத்தார் இசையவில்லை. அவரை ஜாதிப் பிரஷ்டர் என்று விதித்து, அவருக்கு உதவி செய்பவரோ துறைமுகத்தில் வழியனுப்புபவரோ ஒன்றேகால் ரூபாய் அபராதம் செலுத்த வேண்டுமென்றும் தீர்ப்பளித்தனர். பிரயாணப் பணத்தை வைத்திருந்த மைத்துனரும் ஜாதிக்கு அஞ்சி அதனைத் தர மறுத்தார். காந்தியார் ஒரு நண்பரிடம் கடன் பெற்று, செப்டம்பர் 4-ஆம் தேதி கப்பலேறினார்.

1891-இல் திரும்பியபின், தமையனார் விருப்பத்திற்கிணங்க நாசிக்கில் புனித நீராடி, இராஜகோட்டில் ஜாதி விருந்தும் அளிக்கப்பட்டது. அப்படியும் ஒரு பிரிவார் அவரைச் சேர்க்கவில்லை. அவரோ அவர்களிடம் சிறிதும் வெறுப்புக் கொள்ளாமல், கட்டுப்பாட்டை மதித்து, தம் மாமனார் வீட்டிலும் சகோதரி வீட்டிலும் தண்ணீர்கூட அருந்தாதிருந்தார். அக்கூட்டத்தார் தீய எண்ணமுடையவரல்லர். பிள்ளை கெட்டுப்போவான் என்று அஞ்சியவர். ஆயினும் அச்சத்தால் செய்த தீர்ப்பு, தம் குலத்துதித்த மிகப் பெரியவரையே வெளியே நிறுத்திற்று.

நம் தமிழ்நாட்டில் கணித மேதை இராமானுஜனுக்கும் இதே தடை நேர்ந்தது. 1913-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஹார்டி அவரை அழைக்க விரும்பியபோது, ஆசாரமும் அன்னையாரின் மறுப்பும் குறுக்கே நின்றன. பின்னர் அன்னையார் மனமிசைந்தமையால் 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பலேறினார். 1918-இல் இராயல் சொசைட்டியின் அங்கத்தினராகவும், அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் அங்கத்தினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் போர்க்கால உணவுத் தட்டும், குளிரும், தனிமையும், நோயும் அவரை வாட்டின. 1919-இல் திரும்பிய அவர் 1920 ஏப்ரல் 26-இல், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். தடுப்பது எத்துணைத் தவறோ, தக்க துணையின்றி அனுப்புவதும் அத்துணைத் தவறே என்பதை இவர் சரித்திரம் நமக்கு உணர்த்துகிறது.

சென்று வந்தோர் கொணர்ந்தவை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். அத்துயரம் நெஞ்சில் நிற்க, அம்மையார் 1925-இல் மேற்படிப்பின் பொருட்டு இலண்டன் சென்றார். அங்கே அந்நோய்க்கென்றே அமைந்த மருத்துவமனையைக் கண்டார். "இத்தகையதொன்று நம் நாட்டிலும் வேண்டும்" என்னும் எண்ணம் பல ஆண்டுகள் அவருள்ளத்தே வளர்ந்து, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. இலண்டனிலுள்ள கடிகாரக் கோபுரத்தை லட்சக்கணக்கானோர் கண்டு திரும்பினர். அம்மையார் ஒரு கேள்வியோடு சென்றார். ஆதலின் ஒரு மருத்துவமனையோடு திரும்பினார் என்றே சொல்லலாம்.

மற்றொருவர் ஏ. கே. செட்டியார். 1911-இல் கோட்டையூரிற் பிறந்த இவர், இளமையில் நகரத்தார் இரங்கூனில் நடத்திய 'தனவணிகன்' என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தார். ஒரு சமூகத்தாரின் பத்திரிகை ஓர் இளைஞருக்குக் கடலுக்கப்பால் தொழில் பழகும் களமாயிற்று என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் டோக்கியோ நகரிலும் நியூயார்க் நகரிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தின்மீது செல்லுகையில், அது காந்தியடிகள் பிறந்த நாள் என்பதை நினைந்து, அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக்க வேண்டுமென்று உறுதி கொண்டார். உலகின் பல நகரங்களில் பற்பலர் எடுத்து வைத்திருந்த படச் சுருள்களைத் தேடி, ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்து, சுமார் 50,000 அடிப் படம் சேர்த்தார். அதிலிருந்து தொகுத்த படம் 1940-இல் சென்னையில் வெளியாயிற்று. அந்நிய ஆட்சியும் யுத்தமும் நிலவிய காலத்தில் இது எளிய துணிவன்று.

வழியனுப்பினாலும் அபராதம் என்று விதிக்கப்பட்ட ஒருவரின் வரலாற்றைத் தேடி, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு தமிழர் உலகையே சுற்றிவந்தார். கடல் தடை தோற்றதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நாம் காணத்தக்க நகரங்கள்

எந்நகரைக் காணலாம் என்று வினவும் அன்பர்கட்கு நாம் முதலிற் கூறுவது தென்னாப்பிரிக்காவின் டர்பன். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து 342 பேருடன் 'ட்ரூரோ' என்னும் கப்பல் அங்கு சேர்ந்தது. 1911 வரையில் ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலுக்குப் போனோர் 1,52,184 பேர். அவருள் ஏறக்குறைய மூன்றிலிருபங்கினர் சென்னையிற் கப்பலேறியவர். கப்பற் பதிவேடுகளில் அவரவர் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம், ஜாதி, உடலிலுள்ள அடையாளம் ஆகிய யாவும் குறிக்கப்பட்டுள்ளன. சேலம் ஜில்லா அவற்றிற் பலகால் வருகிறது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதற்கு முன் பாலக்கோடு சேலத்தைச் சேர்ந்ததே. எனவே பஞ்ச காலத்தில் காணாமற் போனார் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கும் ஒருவரின் பெயர் அப்பதிவேட்டில் இருத்தல் கூடும். அவ்வேட்டைப் புரட்டுவதைவிட உயர்ந்த காட்சி எந்நகரில் உளது? ஜோஹானஸ்பர்க்கில் பிராம்போன்டீன் மயானத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதியும் உண்டு. சத்தியாக்கிரகத்திற் சிறை சென்று, 1914-இல் உயிர்நீத்த அச்சிறு பெண்ணின்முன் நம் பெண் குழந்தைகள் ஒருமுறை நிற்க வேண்டும்.

அடுத்தது சிங்கப்பூர். 1819-இல் பினாங்கிலிருந்து ராபிள்ஸ் துரையுடன் வந்த நாராயண பிள்ளை 1827-இல் அங்கு மாரியம்மன் கோயிலை ஏற்படுத்தினார். இன்று தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பல இனத்தார் ஒரு நகரில் சட்டத்திற்கும் சுத்தத்திற்கும் அடங்கி வாழ்வது எங்ஙனம் என்று அங்கு பயிலலாம்.

சீன தேசத்துச் சுவான்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது; அந்நாட்டு மன்னர் நலங்கருதி அங்கே சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தி அதிலுளது. அந்நகரின் கையுவான் பௌத்தாலயத் தூண்களில் நம் புராணச் சிற்பங்களை இன்றுங் காணலாம். கேம்பிரிட்ஜ் செல்லும் மாணாக்கர் டிரினிட்டி கல்லூரியின் ரென் புத்தகசாலையை மறவாது காண்பாராக. இராமானுஜனின் இறுதிக்காலக் கணிதக் குறிப்புகள் அங்கேதான் 1976-இல் கண்டெடுக்கப்பட்டன.

நமது கடமை

நம் முன்னோர் காலத்தில் பாலக்கோட்டார் சென்னைத் துறைமுகம் சேர்வதே பெரும்பாடு. ஓசூர் வரையிலான சிறு இரயில் 1913-இல்தான் வந்தது. அதுவும் பின்னர் எடுபட்டுப் போயிற்று. இன்றோ சேலம்–பெங்களூர் இருப்புப்பாதை நம் ஊர் வழியே செல்கிறது. பெங்களூர் சேர்ந்தால் உலகின் எத்திசைக்கும் விமானம் உண்டு. வழி திறந்திருக்கிறது. குறைவது நோக்கமும் துணையுமே.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். முதலாவது, அந்நிய தேசம் செல்லும் மாணவ மாணவியர்க்கு அந்நாட்டின் சட்டம், தட்பவெப்பம், உணவு இவற்றை முன்னரே அறிவித்து, அங்குள்ள நம்மவரோடு தொடர்பு ஏற்படுத்தித் தருதல் வேண்டும். வேலை தேடிச் செல்வோர் போலித் தரகர் கையிற் சிக்காதபடி ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுதலும் வேண்டும். இரண்டாவது, சென்று திரும்பியவர் ஒவ்வொருவரும் தாம் கண்டவற்றுள் நம்மூர்க்கு ஏற்ற ஒன்றையேனும் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தல் வேண்டும். அது பயிர்த்தொழிலாயினும், சாக்கடை ஒழுங்காயினும், புத்தகசாலையாயினும் ஆகுக.

மூன்றாவது பணத்தைப் பற்றியது. கலியாணப் பந்தலுக்கும் விருந்துக்கும் நாம் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு போதும். வருஷந்தோறும் ஒரு பிள்ளையை, ஆணாயினும் பெண்ணாயினும், கல்வியின் பொருட்டுக் கடல் கடத்தலாம். அன்று ஒரு ஜாதிக் கூட்டம், வழியனுப்பச் சென்றவர்க்கு ஒன்றேகால் ரூபாயை அபராதமாக விதித்தது. இன்று நம் சங்கம் அதே தொகையை, இக்கால மதிப்பிற்கேற்பப் பெருக்கி, வழியனுப்ப வருவோர் ஒவ்வொருவரிடமும் நன்கொடையாகப் பெற்று, புறப்படும் பிள்ளையின் கையில் வைக்குமாயின், மணிக்கிராமத்தாரும் ஐந்நூற்றுவரும் நடந்த நெறியில் நாமும் நடந்தவராவோம்.